அளவுகோலைக் குறுக்கச் சொல்பவர்களுக்கு

2013 மே மாதம் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் பேராசிரியர் அரவிந்த் பனகாரியா ஒரு கட்டுரை எழுதினார். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளைவிட இந்தியாவில் குழந்தைகளின் சத்துக்குறைவு மோசம் என்று சொல்கிறார்களே, அது உண்மையா என்பது அவர் எழுப்பிய கேள்வி. உண்மையில்லை என்பது அவர் கண்ட முடிவு. ஒரு பொருளாதாரப் பேராசிரியரின் கருத்தாக இது இதழின் பக்கங்களுக்குள் நின்றிருந்தால் இத்தனை ஆண்டுகள் கழித்து யாரும் பதில் எழுத வேண்டியதில்லை. ஆனால் அவர் 2015-இல் நிதி ஆயோக்கின் முதல் துணைத் தலைவரானார். குழந்தைகளின் குட்டை வளர்ச்சி பற்றிய புள்ளிவிவரம் வெளிவரும்போதெல்லாம் அவருடைய வாதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது. நம் பிள்ளைகள் பிறவியிலேயே சிறியவர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் நமக்குப் பொருந்தாது, நமக்கென்று தனி அளவுகோல் வேண்டும் என்கிறார்கள். இந்த வாதம் தவறானது. தவறு என்பதோடு விட்டுவிட முடியாத அளவுக்குக் குழந்தைகளுக்குத் தீங்கு செய்யக்கூடியது.

முதலில் அவர் தரப்பை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சத்துக்குறைவே இல்லை என்று அவர் சொல்லவில்லை. கணக்கு மிகைப்பட்டிருக்கிறது என்கிறார். கேரளத்தையும் செனகலையும் அருகருகே வைக்கிறார். கேரளத்தில் சிசு மரணம் செனகலைவிட மிகக் குறைவு. ஆயினும் குட்டையான குழந்தைகளின் விகிதம் கேரளத்தில்தான் அதிகம். குழந்தைகளைச் சாகவிடாமல் காப்பாற்றும் ஒரு மாநிலம் அவர்களுக்குச் சோறு போடாமலா இருக்கும் என்பது வாதத்தின் சாரம். அடுத்து, வசதியும் படிப்பும் உள்ள இந்தியக் குடும்பங்களின் குழந்தைகளை எடுத்துக்கொள்கிறார். நன்றாகச் சாப்பிடும் எந்தச் சமூகத்திலும் சுமார் 2 விழுக்காட்டுக் குழந்தைகள் அளவுகோலின் கீழ்க்கோட்டுக்குக் கீழே இருப்பது இயல்பு. இந்திய வசதிக்காரர் வீட்டுக் குழந்தைகளில் அது பல மடங்கு. ஆகவே குறை உணவில் இல்லை, அளவுகோலில்தான் என்று முடிக்கிறார்.

கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது. ஆனால் இந்த வாதம் குழந்தை பிறந்த நாளில் கணக்கைத் தொடங்குகிறது. குழந்தை வளரத் தொடங்கியது அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னால்.

கேரளத்தையும் செனகலையும் பார்ப்போம். ஒரு குழந்தையைச் சாகாமல் காப்பது தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல், நேரத்துக்குக் கிடைக்கும் மருந்து. குழந்தையின் எலும்பை நீட்டுவது தாயின் ரத்தம், தாய்ப்பால், ஆறு மாதத்துக்குப் பின் கிண்ணத்தில் விழும் பருப்பும் முட்டையும், திரும்பத் திரும்ப வராத வயிற்று நோய். முதல் வரிசையில் கேரளம் உலகத் தரத்துக்கு வந்துவிட்டது. அதனால் இரண்டாவது வரிசையிலும் வந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒன்றே முக்கால் கிலோவில் பிறந்த சிசுவைக் கேரளத்து ஆஸ்பத்திரி பிழைக்க வைக்கிறது. அந்தச் சிசு வளர்ந்து உயரக் கணக்கில் சேர்கிறது. வசதியில்லாத நாட்டில் அதே எடையில் பிறந்தது மண்ணுக்குள் போய்விடும். அதன் உயரத்தை யாரும் அளக்கப் போவதில்லை. முழு வித்தியாசமும் இதனால் வருவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் மரண விகிதத்தை வைத்து வளர்ச்சியை அளக்க முடியாது என்பதற்கு இது போதும்.

அடுத்தது அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலை 'மேல்நாட்டு அளவு' என்று சொல்பவர்கள் அது எப்படி உருவானது என்று படித்திருக்க வேண்டும். 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, நார்வேயின் ஆஸ்லோ, ஓமானின் மஸ்கட், அமெரிக்காவின் டேவிஸ், இந்தியாவின் தெற்கு டெல்லி. தாய் புகைபிடிக்காதவள், குழந்தை தாய்ப்பால் குடித்தது, வளர்ச்சிக்குத் தடையான வறுமை இல்லை என்று பார்த்துச் சேர்த்தார்கள். உயரத்தில் காணப்பட்ட மொத்த வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு இருந்தது மூன்று விழுக்காடு அளவுதான். மற்றதில் பெரும்பகுதி ஒரே ஊரில் பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாடு. தெற்கு டெல்லிக் குழந்தைகள் அந்த அளவுகோலுக்கு உள்ளேயே இருக்கிறார்கள். அது நம் பிள்ளைகளை வைத்தும் செய்த கோல்.

அதன் பிறகு 'இன்டர்குரோத்-21' என்ற பன்னாட்டு ஆய்வு இன்னும் ஒரு படி பின்னால் போய்க் கருவையே அளந்தது. எட்டு நகரங்களில் நாக்பூரும் ஒன்று. 2014-இல் முடிவு வந்தது. நல்ல உணவும் நல்ல மருத்துவமும் கிடைத்த கர்ப்பிணிகளின் வயிற்றில் கருவின் வளர்ச்சியும், பிறந்த சிசுவின் நீளமும் தலைச் சுற்றளவும் ஊருக்கு ஊர் மிகச் சிறிதே மாறின. பிறவியிலேயே சிறியவர்கள் என்று சொல்பவர்கள் பிறவிக்கு முன்பே எடுத்த இந்த அளவுகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மரபணு வாதத்துக்கு நாட்டுக்குள்ளேயே மறுப்பு இருக்கிறது. 2005–06 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குக் கீழே குட்டை வளர்ச்சி உள்ள இந்தியக் குழந்தைகள் 48 விழுக்காடு. 2019–21 கணக்கெடுப்பில் 35.5 விழுக்காடு. பதினைந்து ஆண்டில் மரபணு மாறாது. அதே 2019–21 கணக்கில் கேரளம் 23.4, தமிழ்நாடு 25, கர்நாடகம் 35.4. கர்நாடகத்து மண்டியா மாவட்டத்தில் உள்ள மேல்கோட்டையில் ராமானுஜர் காலத்திலிருந்து தமிழ் பேசிவரும் குடும்பங்கள் இருக்கின்றன. ஓசூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் மரபணு மாறிவிடும் என்று அவர்களிடம் யாராவது வந்து சொல்லட்டும். மாறுவது அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், பெண்ணுக்கு எந்த வயதில் கல்யாணம், அவள் தட்டில் என்ன விழுகிறது என்பவைதான்.

இதைவிட அழுத்தமான சான்று ஒன்று உண்டு. சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேயும் இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக 1,68,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயரத்தை ஒப்பிட்டு 2017-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஆப்பிரிக்கக் குழந்தையோடு ஒப்பிடும்போது இந்தியக் குழந்தையின் உயரக் குறை, பிறந்த வரிசை ஏற ஏறக் கூர்மையாகக் கூடுகிறது. தலைச்சன் பிள்ளையிடம் காணாத பள்ளம் இரண்டாவதிடமும் மூன்றாவதிடமும் தெரிகிறது. மூத்த மகன் மேல் உள்ள பற்று எங்கே அதிகமோ அங்கே பள்ளமும் ஆழம். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையேயான உயர வேறுபாட்டில் பாதிக்கு மேல் இதனாலேயே விளங்கிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா. அண்ணனுக்கு எட்டிய உயரம் தங்கைக்கு எட்டவில்லை என்றால் அதை வம்சத்தின் தலையில் போட எந்த நியாயமும் இல்லை.

இனி, பனகாரியா தரப்பு தன் பலம் என்று நினைக்கும் வசதிக்காரர் வீட்டுக் குழந்தைக்கு வருகிறேன். இங்கேதான் நின்று பேச வேண்டும்.

இன்று வீட்டில் கழிவறை இருக்கிறது, அப்பா பட்டதாரி, அடுப்படியில் பால் இருக்கிறது. சரி. அந்தக் குழந்தை உருவானது இந்த வீட்டில் இல்லை, அம்மாவின் உடலில். அந்த உடல் இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால், வேறொரு வீட்டில், வேறொரு வறுமையில் வளர்ந்தது. ஒரு பெண் சிசு தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. அதாவது இன்று அளக்கப்படும் குழந்தையின் முதல் அணு, பாட்டியின் வயிற்றில் இருந்தது. பாட்டி அரை வயிற்றுக் கஞ்சியோடு நாற்று நட்டவளாக இருந்தால் அந்தக் கணக்கு பேத்தியிடம் வராமல் போகாது. ஒரே தலைமுறையில் வந்த சம்பளம் மூன்று தலைமுறைப் பசியை ஒரே பிரசவத்தில் துடைத்துவிடும் என்று எதிர்பார்த்து, துடைக்காதபோது அதை இனத்தின் இயல்பு என்று எழுதுவது ஆராய்ச்சியாகாது.

இதற்கு அந்தத் தரப்பு ஒரு மறுகேள்வி வைத்திருக்கிறது: ஆப்பிரிக்கத் தாய்மாரும் ஏழைகள்தானே, அவர்களுக்கு மட்டும் இந்தப் பழைய கணக்கு ஏன் இல்லை? நியாயமான கேள்வி. டயான் காஃபி என்ற ஆய்வாளர் 2015-இல் அதற்கு எண்ணிக்கையோடு பதில் சொன்னார். கர்ப்பம் தரிக்கும் நேரத்தில் குறை எடையோடு இருக்கும் இந்தியப் பெண்கள் 42.2 விழுக்காடு. சஹாராவுக்குத் தெற்கே 16.5 விழுக்காடு. நம் நாடு அவர்களைவிடப் பணக்கார நாடு; நம் கர்ப்பிணி அவர்களைவிட மெலிந்தவள். இளம் மருமகள் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடும் வீடுகள் அங்கே அந்த அளவுக்கு இல்லை. கர்ப்பத்திலும் நம் பெண்கள் போடுவது ஏழு கிலோ அளவுதான். புதிராகத் தோன்றிய இந்திய–ஆப்பிரிக்க உயர வேறுபாடு மருமகளின் தட்டில் கிடக்கிறது.

நிக்டர் தம்பதி தென் கன்னட மாவட்டத்தில் செய்து 1983-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பக்கத் துணை. கர்ப்பிணி நிறையச் சாப்பிட்டால் வயிற்றில் பிள்ளைக்கு இடமிருக்காது, பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம், சிறிய பிள்ளையே நல்லது என்று அங்கே பெண்கள் நம்பியதை அவர்கள் பதிவு செய்தார்கள். மேல்கோட்டைப் பக்கத்து ஊர்களிலும் இப்படிச் சொல்லும் பாட்டிமார் உண்டு, தஞ்சாவூரிலும் உண்டு. அந்தப் பாட்டிமாரைக் குறை சொல்ல மாட்டேன். ஆபரேஷன் வசதி இல்லாத காலத்தில் பெரிய தலையோடு வந்த பிள்ளை தாயைக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் பாட்டியின் பயத்தால் சிறுத்துப் பிறந்த குழந்தையைப் பார்த்து, இது இந்தியக் குழந்தையின் இயற்கை அளவு என்று ஒரு பொருளாதார அறிஞர் முத்திரை குத்துவதை எப்படி ஏற்பது?

கருவில் வளர்ச்சி குன்றுவது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நச்சுக்கொடி வழியாக வரும் சத்தும் பிராணவாயுவும் குறையும்போது கரு முதலில் மூளையைக் காப்பாற்றிக்கொள்கிறது. ரத்தம் தலைப் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. தசைக்கும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் போவது சுருங்குகிறது. அதனால்தான் இப்படிப் பிறக்கும் சிசுவுக்கு உடம்புக்குத் தலை பெரிதாகத் தெரியும். தோல் தளர்ந்து, தொடையில் சதை இல்லாமல் இருக்கும். இது உயிர் காக்கும் தற்காப்பு. இதை ஒருவர் உடலமைப்பு என்று எடுத்துக்கொண்டால் மருத்துவம் அங்கேயே நின்றுபோகும்.

பிறந்த பிறகு தடை நீங்குகிறது. வாழ்நாளில் மறுபடி வராத வேகம் முதல் வருடத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கோலில் பெண் குழந்தை பிறக்கும்போது சராசரி 49 சென்டிமீட்டர், முதல் பிறந்தநாளில் 74 சென்டிமீட்டர். ஒரே வருடத்தில் 25 சென்டிமீட்டர். கருவில் தடைபட்ட குழந்தை இந்த வருடத்தில் தன் இடத்தைப் பிடிக்க இன்னும் வேகமாக வளர முயல்கிறது. சுவீடனில் சிறுத்துப் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து அளந்தபோது பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் இரண்டு வயதுக்குள் இயல்பான உயர வரம்புக்குள் வந்துவிட்டார்கள். அதில் பெரும்பகுதி முதல் ஆறு, பன்னிரண்டு மாதங்களிலேயே நடந்தது. நம் நாட்டில் நடப்பது தலைகீழ். ஏற்கெனவே பின்தங்கிப் பிறக்கும் குழந்தை முதல் இரண்டு வருடத்தில் இன்னும் கீழே போகிறது. மரபணுதான் காரணம் என்றால், பிறந்த அன்று இருந்த தூரம் அப்படியே இருக்கலாம். அது மாதா மாதம் அகலமாவதற்கு நீர்த்த கஞ்சியும் அசுத்தத் தண்ணீரும் வயிற்றுப்போக்கும் காரணம். ஜீன் ட்ரீஸ், ஆங்கஸ் டீட்டன், டீன் ஸ்பியர்ஸ், டயான் காஃபி, ஆலெசாண்ட்ரோ தரோட்சி ஆகியோர் அதே 2013-இல் அதே இதழில் பனகாரியாவுக்கு மறுப்பு எழுதினார்கள். இந்திய வசதிக் குடும்பக் குழந்தைகளைப் புதிய அளவுகோலோடு ஒப்பிட்டு முன்பே ஆராய்ந்திருந்த அதே தரோட்சி, மறுத்தவர்களோடு சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறார் என்பதை அந்தத் தரப்பு மறந்துவிடக் கூடாது.

அளவுகோலைக் குறுக்கினால் என்ன ஆகும்? ஒரு வயதுப் பெண் குழந்தை 67 சென்டிமீட்டர் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கோலில் கீழ்க்கோடு 68.9; அவள் அதற்குக் கீழே. அங்கன்வாடித் தொழிலாளியின் கண்ணில் அவள் படுகிறாள். பிறந்த எடை என்ன, தாய்ப்பால் எப்படி, இணை உணவு எப்போது தொடங்கியது என்று விசாரிக்க ஒரு காரணம் கிடைக்கிறது. கோட்டை மூன்று சென்டிமீட்டர் இறக்கிவிட்டால் அவள் சரியாக இருக்கிறாள் என்று பதிவாகும். அவள் அம்மாவுக்கும் அப்படியே சொல்லப்படும். அடுத்த வருடத்துக்குள் செய்யக்கூடியது எதுவும் செய்யப்படாமல் போகும். இரண்டு வயதுக்குப் பிறகு இழந்த உயரத்தை மீட்பது மிகக் கடினம். தேவையில்லாத குழந்தைகளுக்குப் பணம் வீணாகிறது என்று கவலைப்படுகிறார் பேராசிரியர். ஒரு முட்டையும் ஒரு குவளைப் பாலும் தவறுதலாகக் கொஞ்சம் நன்றாக இருக்கும் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தால் நாடு எதை இழக்கும்? தேவையான குழந்தை பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டால் இழப்பது அந்தக் குழந்தை.

இந்த வாதம் தோற்கும் இடத்தில் வேறு சிலர் வேறொரு வாதத்தோடு வருகிறார்கள். சிறுத்துப் பிறந்தவர்களை வேகமாக வளர்த்தால் பின்னால் சர்க்கரை நோயும் மாரடைப்பும் வரும், ஆகவே அவர்கள் போக்கில் விட்டுவிடுவதே நல்லது என்கிறார்கள். மேல்கோட்டையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் உள்ள மைசூரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அழைக்கட்டும். அந்தச் சாட்சி என்ன சொல்கிறது என்று கேட்போம்.

மைசூரில் மிஷன் ஆஸ்பத்திரி என்று ஊரார் சொல்லும் ஹோல்ட்ஸ்வர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். அப்படி 1934-க்கும் 1954-க்கும் இடையே பிறந்தவர்களில் 517 பேரை நடுவயதில் தேடிப்பிடித்துச் சோதித்து, 1996-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தரை பவுண்டுக்கு, அதாவது இரண்டரைக் கிலோவுக்கு மிகாமல் பிறந்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய். எடை மிகுந்து பிறந்த பிரிவில் 3 விழுக்காடு. சிறுத்துப் பிறப்பது இந்தியருக்கு இயல்பு, அதனால் கேடில்லை என்ற பேச்சு இந்த மைசூர்ப் பதிவேட்டின் முன் நிற்காது. இயல்பான அளவு என்றால் அது மாரடைப்பைக் கொண்டுவராது.

வேகமாக வளர்வதுதான் நோய்க்குக் காரணமா என்பதற்கு டெல்லி பதில் சொல்கிறது. 1969 முதல் 1972 வரை தெற்கு டெல்லியில் பிறந்தவர்களைத் தொடர்ந்து அளந்து, 26 முதல் 32 வயதில் ரத்தச் சர்க்கரை பார்த்து 2004-இல் வெளியிட்டார்கள். சர்க்கரைக் கோளாறு வந்தவர்கள் முதல் இரண்டு வயது வரை மெலிந்திருந்தவர்கள். அதற்குப் பிறகு, குழந்தைப் பருவம் முழுக்கவும் அதைத் தாண்டியும், உயரத்துக்கு மிஞ்சிய எடை ஏறிக்கொண்டே போனவர்கள். முதல் வருடத்து வளர்ச்சி அவர்களைக் கெடுக்கவில்லை. முதல் வருடத்தில் வளராததும், பின்னால் பெருத்ததும் சேர்ந்து கெடுத்தன.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இதில் மழுப்பினால் நானும் பொய் சொன்னவனாவேன். மைசூரிலும் புனேயிலும் பிறந்த சிசுக்களை ஆங்கிலேயச் சிசுக்களோடு ஒப்பிட்டபோது எடையும் சதையும் குறைவாக இருந்தாலும் முதுகுத் தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடம்பில் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. ஆகவே பிறந்த எடை குறைவு என்று பயந்துபோய்ப் பால்பவுடர் டப்பாவை வாங்கி, சர்க்கரை கலந்து, பிஸ்கட்டைக் கரைத்துப் புகட்டிக் கன்னத்தை உப்ப வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. எடை மட்டும் ஏறி நீளம் ஏறாவிட்டால் அது வளர்ச்சியே இல்லை. தேவைப்படுவது பிறந்த உடனே சீம்பால், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், சிசுவை நெஞ்சோடு அணைத்து வைக்கும் கங்காரு முறை, ஏழாம் மாதத்திலிருந்து பருப்பும் கீரையும் முட்டையும் சேர்ந்த கெட்டியான உணவு, மாதா மாதம் எடையோடு நீளமும் அளக்கும் ஒரு ஆள். கேழ்வரகு விளையும் மண்டியா மாவட்டத்தில் இதற்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கு அங்கன்வாடியிலேயே சூடான சாப்பாடும் பாலும் முட்டையும் தரும் 'மாத்ருபூர்ணா' திட்டத்தைக் கர்நாடகம் 2017-இல் தொடங்கியது. மருமகள் யாருக்கும் பின்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லாத ஒரு வேளை அது. அதற்கு இன்னும் பணம் கேளுங்கள், இன்னும் பால் கேளுங்கள் என்று பொருளாதார அறிஞர்கள் எழுதியிருக்க வேண்டிய நேரத்தில் கோலைக் குறுக்குங்கள் என்று எழுதினார்கள்.

முதல் வருட வளர்ச்சியைப் பயமுறுத்தலாகக் காட்டுபவர்கள் டேவிட் பார்க்கரின் பெயரைச் சொல்வார்கள். கருவில் குன்றியவர்களுக்குப் பின்னால் இதய நோய் என்ற கருத்து அவரோடு சேர்த்தே பேசப்படுவது. அவர் 1989-இல் வெளியிட்ட இங்கிலாந்து ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் ஆய்வை எடுத்துப் படிக்கச் சொல்கிறேன். 1911-க்கும் 1930-க்கும் இடையே பிறந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களின் பிறந்த எடையும் ஒரு வயது எடையும் செவிலியர் எழுதிய பதிவேட்டிலிருந்து கிடைத்தன. இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் முதல் வருடத்தில் நன்றாக எடை போட்டவர்கள் இல்லை. ஒரு வயதில் 18 பவுண்டுக்கு மேல் ஏறாதவர்கள்.